கிளியர் செல் சிறுநீரகப் புற்றுநோயில் விஎச்எல் மரபணுவும் ஆக்சிஜனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயாப்சி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரும் குடும்பத்தாரும், உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்களும் மாற்றி மாற்றிக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகள் இருக்கின்றன. எளியதில் தொடங்கிச் சிக்கலானதற்குப் போகிறோம்; முன்பே சொன்னதற்குக் கேள்வி எண்ணை மட்டும் குறிக்கிறோம். மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் புற்றுநோய் மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டியவை.

1. அப்பா ரிப்போர்ட்ல "கிளியர் செல் ரீனல் செல் கார்சினோமா"ன்னு போட்டிருக்கு. அது என்ன வகை?

பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோயில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு இந்த வகைதான். வடிகட்டிய நீரிலிருந்து உப்பையும் சர்க்கரையையும் உடம்புக்கு மீட்டுத் தரும் நுண்குழல்களின் முதல் பகுதியில் இது தோன்றுகிறது. இந்தப் புற்றுசெல்களுக்குள் கொழுப்பும் கிளைக்கோஜனும் நிறையச் சேர்ந்திருக்கும். ஸ்லைடு தயாரிக்கும்போது அவை கரைந்து போய்விடுவதால், மைக்ராஸ்கோப்பில் செல்லின் உள்ளே காலியாக, தெளிவாகத் தெரியும். பெயர் வந்த காரணம் அதுதான்.

பாப்பிலரி, குரோமோஃபோப் என்று வேறு வகைகளும் உண்டு. அவற்றின் மரபணுக் கதை வேறு. இந்தப் பக்கத்தில் வருபவை பெரும்பாலும் கிளியர் செல் வகைக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. கட்டியை அடக்குற ஜீன் எல்லாருக்கும் இருக்கும்னு சொல்றாங்க. அப்புறம் ஏன் கட்டி வருது?

எல்லோருக்கும் உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள். ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒரே செல்லில் இரண்டுமே போனால்தான் சிக்கல். குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயை ஆராய்ந்த ஆல்ஃபிரட் நுட்சன் 1971இல் முன்வைத்த "இரண்டு அடி" விளக்கம் இது.

சிறுநீரகத்தில் இது அப்படியே பொருந்துகிறது. பரம்பரைக் காரணம் இல்லாதவருக்கு இரண்டு அடிகளும் வாழ்நாளில் ஒரே செல்லில் விழ வேண்டும். அதனால்தான் பெரும்பாலும் 60 வயதையொட்டி, ஒரு பக்கச் சிறுநீரகத்தில், ஒற்றைக் கட்டியாக வருகிறது. முதல் அடியோடு பிறந்தவருக்கு உடம்பின் எல்லாச் செல்லிலும் ஒரு பிரதி ஏற்கெனவே பழுது. இன்னும் ஒரு அடி போதும். ஆகவே 40 வயதையொட்டியே, இரண்டு பக்கமும், பல கட்டிகளாக வரும்.

3. விஎச்எல்ங்கிறது யாரோட பேர்? அந்த ஜீன் என்னதான் செய்யுது?

ஜெர்மானியக் கண் மருத்துவர் ஆய்கன் ஃபான் ஹிப்பல் 1904இல் விழித்திரையில் வரும் ரத்தநாளக் கட்டிகளை விவரித்தார். ஸ்வீடன் நாட்டு நோயியல் அறிஞர் அர்விட் லிண்டாவ் 1926இல் அவற்றையும் சிறுமூளையில் வரும் அதே மாதிரிக் கட்டிகளையும் ஒரே நோயாக இணைத்தார். இருவர் பெயராலும் "ஃபான் ஹிப்பல்-லிண்டாவ்" நோய், சுருக்கமாக விஎச்எல். அதற்குக் காரணமான மரபணு 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. 3ஆம் குரோமோசோமின் குட்டைக் கரத்தில், நுனிப் பக்கமாக இருக்கிறது. 213 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதத்தை அது தருகிறது.

அந்தப் புரதம் தனியாக வேலை செய்வதில்லை. எலோங்கின் பி, எலோங்கின் சி, கல்லின்-2, ஆர்பிஎக்ஸ்1 ஆகியவற்றோடு சேர்ந்து ஒரு கூட்டாக இயங்குகிறது. அழிக்கப்பட வேண்டிய புரதத்தின் மேல் யூபிக்விட்டின் என்ற அடையாளத்தை ஒட்டுவதுதான் கூட்டின் வேலை. எந்தப் புரதத்தைப் பிடிப்பது என்று தேர்ந்தெடுப்பது விஎச்எல். அது பிடிப்பவற்றில் முக்கியமானது ஹிஃப் ஆல்பா. செல்லுக்கு ஆக்சிஜன் குறையும்போது நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்கிவிடுகிற புரதம் அது.

4. செல்லுக்கு மூக்கா இருக்கு? ஆக்சிஜன் குறைஞ்சது அதுக்கு எப்படித் தெரியுது?

ஹிஃப் ஆல்பாவைச் செல் எப்போதும் தயாரித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஆக்சிஜன் போதிய அளவில் இருந்தால் தயாரித்த சில நிமிடங்களிலேயே அழித்தும்விடுகிறது. இதைத் தீர்மானிப்பவை பிஎச்டி எனப்படும் மூன்று நொதிகள். அவற்றில் முதன்மையானது பிஎச்டி2. இவை ஆக்சிஜன் மூலக்கூற்றை நேரடியாகப் பயன்படுத்தி, ஹிஃப்-1 ஆல்பாவின் (ஹிஃப் ஆல்பாவில் ஒரு வகை) 402, 564 ஆகிய இடங்களிலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு ஹைட்ராக்சில் (ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு துண்டு) சேர்க்கின்றன. இரும்பும், செல்லுக்குள் இருக்கும் 2-ஆக்சோகுளூட்டரேட் என்ற சிறு மூலக்கூறும் கூடவே தேவை. ஹைட்ராக்சில் ஏறிய புரோலினை மட்டுமே விஎச்எல் அடையாளம் கண்டு பிடிக்கும்.

ஆக்சிஜன் குறைந்தால் இந்த நொதிகள் மந்தமாகும். ஹைட்ராக்சில் ஏறாது, விஎச்எல் பிடிக்காது, ஹிஃப் ஆல்பா தேங்கும். பிறகு அது செல்லின் உட்கருவுக்குள் போய், ஹிஃப் பீட்டா என்ற இணைப் புரதத்தோடு சேர்ந்து டிஎன்ஏவில் அமரும். திசுக்களில் சாதாரணமாக ஆக்சிஜன் ஏறி இறங்குகிற அந்த வரம்புக்குள்ளேயே இந்த நொதிகளின் வேகமும் மாறுவதால், உணர்கருவியாக இவை மிகப் பொருத்தம். வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது இதற்காகத்தான். விஎச்எல்லுக்கும் ஹிஃபுக்கும் உள்ள பிணைப்பை ராட்கிளிஃப் குழு 1999இல் காட்டியது. புரோலின் ரகசியத்தைக் கேலின் குழுவும் ராட்கிளிஃப் குழுவும் 2001இல் ஒரே சமயத்தில் வெளியிட்டன.

5. அப்போ இந்தக் கட்டிக்குள்ள ஆக்சிஜன் கம்மியா இருக்கிறதாலதான் அது வளருதா?

இல்லை. அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிற இடம் இதுதான், கொஞ்சம் நின்று படியுங்கள். மாடித் தொட்டி நிரம்பி வழிந்தாலும், சென்சார் "காலி" என்றே காட்டினால் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கிளியர் செல் கட்டியில் நடப்பது அது. பக்கத்திலேயே ரத்தநாளம் இருக்கும், ஆக்சிஜனும் வந்துகொண்டிருக்கும், பிஎச்டி நொதிகளும் ஹிஃபில் ஹைட்ராக்சிலை ஒழுங்காக ஏற்றியிருக்கும். பிடித்து அழிக்க விஎச்எல் இல்லை, அவ்வளவுதான். செல் தனக்கு மூச்சு முட்டுகிறது என்றே நம்பி நடந்துகொள்கிறது. இதைப் போலி ஆக்சிஜன் பற்றாக்குறை என்கிறார்கள்.

உண்மையான பற்றாக்குறையும் உண்டு. கட்டி பெரிதாகி ரத்தநாளம் எட்டாத உள்பகுதியில் ஆக்சிஜன் நிஜமாகவே குறையும். சில செல்கள் அங்கே செத்தும்போகும். மார்பகம், கழுத்து, கருப்பை வாய் போன்ற இடங்களின் புற்றுநோய்களில் ஹிஃப் உயர்வதற்கு அதுதான் பெரும்பாலும் காரணம். அங்கே ஹிஃப் கட்டியின் விளைவு. கிளியர் செல் வகையில் ஹிஃப் கட்டியின் தொடக்கம். முதல் செல்லிலிருந்தே உயர்ந்திருக்கும்.

6. ஹிஃப் தேங்கினா செல்லுக்கு என்ன லாபம்?

ரத்தநாளங்களை வரவழைக்கும் விஇஜிஎஃப், அந்த நாளங்களைத் தாங்கும் செல்களை அழைக்கும் பிடிஜிஎஃப், சர்க்கரையை உள்ளே இழுக்கும் குளூட்-1, அமிலத்தைச் சமாளிக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ்-9, செல் பிரிதலைத் தூண்டும் சைக்ளின் டி1, தன்னைத் தானே வளரச் சொல்லும் டிஜிஎஃப் ஆல்பா, சிவப்பணு உற்பத்தியை ஏற்றும் எரித்ரோபொய்ட்டின் என்று பட்டியல் நீளும். கொழுப்பை எரிக்க மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பும் வழியையும் ஹிஃப் அடைக்கிறது. கொழுப்பு சேர்ந்து செல் தெளிவாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

இவை நோயாளியிடம் கண்ணுக்குத் தெரியும். கான்ட்ராஸ்ட் ஏற்றி எடுத்த சிடி ஸ்கேனில் கிளியர் செல் கட்டி பளிச்சென்று ஒளிர்வது அதன் ரத்தநாளப் பெருக்கத்தால். நோயியல் நிபுணர் கார்பானிக் அன்ஹைட்ரேஸ்-9 சாயம் ஏற்றிப் பார்ப்பது, ஹிஃப் விழித்திருக்கிறதா என்று அறிய. சிலருக்கு ஹீமோகுளோபின் வழக்கத்துக்கு மேல் ஏறியிருப்பது எரித்ரோபொய்ட்டினால். ஆனால் எல்லோருக்கும் அப்படி ஏறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இந்த நோயில் ரத்தசோகைதான் அதிகம் பேருக்கு வருகிறது.

7. பிராணாயாமம் பண்ணினா, ஆக்சிஜன் ஏத்தினா, வைட்டமின் சி சாப்பிட்டா ஹிஃப் குறையுமா?

மூச்சுப் பயிற்சி பதற்றத்தைக் குறைக்கும், தூக்கம் வரும்; அதற்காகச் செய்யுங்கள். கட்டி சுருங்காது. நல்ல நுரையீரல் உள்ளவரின் ஹீமோகுளோபின் சாதாரண மூச்சிலேயே 95 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜனால் நிரம்பியிருக்கிறது, மேலே ஏற்ற இடமில்லை. ஏற்றினாலும் பயனில்லை, ஏனென்றால் 5ஆம் பதிலில் சொன்னபடி குறை ஆக்சிஜனில் இல்லை.

வைட்டமின் சி பற்றிய யோசனை பிஎச்டி நொதிகள் அதன் துணையோடு இயங்குவதிலிருந்து பிறந்தது. அந்த நொதிகள் இந்தக் கட்டியில் நன்றாகவே ஓடுகின்றன. அதற்கு அடுத்த படிதான் அறுந்திருக்கிறது. அதோடு, அதிக அளவு வைட்டமின் சி உடம்பில் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் படியும், கல் உண்டாகும். ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டு மற்றதை நம்பியிருப்பவர் கிராம் கணக்கில் மாத்திரை விழுங்குவது ஆபத்து. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சையைச் சாப்பாட்டு அளவில் சேர்ப்பது வேறு விஷயம். பொட்டாசியக் கட்டுப்பாடு சொல்லியிருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. ஹிஃப்-1, ஹிஃப்-2ன்னு ரெண்டு சொல்றாங்களே, எது கெட்டது?

இந்த நோயில் ஹிஃப்-2. இரண்டும் அமைப்பில் உறவினர்கள், இரண்டையும் விஎச்எல்தான் அழிக்கிறது. ஆனால் சைக்ளின் டி1, டிஜிஎஃப் ஆல்பா போன்ற வளர்ச்சித் தூண்டிகளை இயக்குவது பெரும்பாலும் ஹிஃப்-2. ஹிஃப்-1 ஆல்பாவின் மரபணு 14ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் இருக்கிறது. பல கிளியர் செல் கட்டிகள் அந்தக் கரத்தை இழக்கின்றன, அப்படி இழந்தவை மோசமாக நடந்துகொள்கின்றன. அதாவது ஹிஃப்-1 இங்கே கட்டியை ஓரளவு தடுக்கிறது.

ஆய்வகச் சான்றும் தெளிவு. விஎச்எல் இல்லாத சிறுநீரகப் புற்றுசெல்லுக்கு விஎச்எல்லைத் திருப்பிக் கொடுத்தால் எலியில் கட்டி வளராது. விஎச்எல்லால் பிடிக்க முடியாதபடி மாற்றிய ஹிஃப்-2 ஆல்பாவைக் கூடவே கொடுத்தால் கட்டி மறுபடி வளரும். விஎச்எல்லைத் தராமல் ஹிஃப்-2 ஆல்பாவை மட்டும் அடக்கினாலும் வளர்ச்சி நின்றுவிடும். மருந்து தேடியவர்கள் ஹிஃப்-2ஐக் குறிவைத்தது இதனால்தான்.

9. விஎச்எல் ரெண்டு பிரதியும் போயிட்டாலே புற்றுநோய்தானா?

அதுமட்டும் போதாது. எலியின் சிறுநீரகத்தில் விஎச்எல்லை மட்டும் நீக்கினால் நீர்க்கட்டிகள் வரை வரும், புற்றுநோய் வருவது அரிது. கூடவே பிபிஆர்எம்1 அல்லது பேப்1 மரபணுவையும் நீக்கினால் கட்டி உருவாகிறது.

இந்த இரண்டும், செட்டி2 என்ற இன்னொன்றும், விஎச்எல் இருக்கும் அதே 3ஆம் குரோமோசோமின் குட்டைக் கரத்தில் வரிசையாக இருக்கின்றன. நாலுமே கட்டி ஒடுக்கும் மரபணுக்கள். கிளியர் செல் கட்டிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் அந்தக் கரம் முழுவதுமோ பெரும்பகுதியோ தொலைந்திருக்கும். ஒரே வெட்டில் நாலுக்கும் முதல் அடி விழுந்துவிடுகிறது என்று பொருள். பிறகு விஎச்எல்லின் மிச்சப் பிரதியில் சிறு பிழை விழும், அல்லது மீத்தைல் என்ற வேதித் துண்டு ஒட்டி அது வாயடைக்கப்படும். அதன்பின் பிபிஆர்எம்1 சுமார் 40 விழுக்காட்டுக் கட்டிகளிலும், பேப்1, செட்டி2 ஒவ்வொன்றும் 10 முதல் 15 விழுக்காட்டிலும் பழுதாகின்றன. டிஎன்ஏ சுற்றியிருக்கும் பொதியை எங்கே திறப்பது, எங்கே மூடுவது என்று ஒழுங்குபடுத்துபவை இவை. மற்றப் புற்றுநோய்களில் முதலில் நிற்கும் டிபி53 மரபணு இங்கே அதிகம் பழுதாவதில்லை.

காலக்கணக்குதான் வியப்பு. 2018இல் வெளியான பல்பகுதி மரபணு ஆய்வு, குட்டைக் கரம் தொலையும் நிகழ்வு பலருக்குக் குழந்தைப் பருவத்திலோ பதின்வயதிலோ நடந்துவிடுகிறது என்று கணக்கிட்டது. அப்போது அந்தப் பிழையைச் சுமப்பவை சில நூறு செல்களே. கட்டியாகத் தெரிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆகின்றன. "போன வருஷம் என்ன தப்பு செஞ்சோம்" என்று குடும்பம் தன்னையே குடைந்துகொள்வதைப் பார்க்கும்போது இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றும்.

10. எல்லாச் செல்லுலயும் விஎச்எல் இருக்கே, ஏன் சிறுநீரகத்துல மட்டும் இப்படி?

மட்டும் இல்லை, விஎச்எல் நோயில் விழித்திரை, சிறுமூளை, முதுகுத்தண்டு, கணையம், அட்ரீனல் சுரப்பி எல்லாவற்றிலும் கட்டிகள் வரலாம். ஆனால் நுரையீரலிலோ குடலிலோ விஎச்எல் இழப்பு புற்றுநோயைத் தொடங்குவதில்லை. சிறுநீரகக் குழல் செல்லின் அடையாளத்தைக் காக்கும் பாக்ஸ்8 என்ற புரதம் இதற்கு ஒரு விடை: அது டிஎன்ஏவில் திறந்து வைத்திருக்கும் இடத்தில் ஹிஃப்-2 வந்து அமர்ந்து சைக்ளின் டி1ஐ இயக்குகிறது. வேறு உறுப்பில் அந்த இடம் மூடியிருக்கும்.

11. அப்பாவுக்கு இருக்கு. எனக்கும் என் பிள்ளைகளுக்கும் டெஸ்ட் எடுக்கணுமா?

பெரும்பாலோருக்குத் தேவையில்லை. கட்டியில் விஎச்எல் பழுது இருப்பது வேறு, பிறப்பிலேயே பழுது இருப்பது வேறு; முதலாவது பிள்ளைகளுக்குப் போகாது. விஎச்எல் நோயோடு பிறப்பவர் சுமார் 36,000 பேரில் ஒருவரே.

சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள்: 46 வயதுக்குள் கட்டி, இரு பக்கமும் கட்டி அல்லது ஒரே பக்கத்தில் பல கட்டிகள், நெருங்கிய உறவில் இன்னொருவருக்குச் சிறுநீரகப் புற்றுநோய், கண்ணிலோ மூளையிலோ ரத்தநாளக் கட்டி, அட்ரீனல் கட்டி, கணையத்தில் பல நீர்க்கட்டிகள். இவற்றில் ஒன்று இருந்தாலும் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். முதலில் நோய் உள்ளவரின் ரத்தத்தைத்தான் சோதிக்க வேண்டும். அவரிடம் பிழை எது என்று தெரிந்தபின், உறவினருக்கு அந்த ஒரு பிழையை மட்டும் தேடினால் போதும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு.

12. ரத்த டெஸ்ட் நெகட்டிவ்னு வந்துடுச்சு. நிம்மதியா இருக்கலாமா?

எந்த முறையில் சோதித்தார்கள் என்று கேளுங்கள். எழுத்தெழுத்தாகப் படிக்கும் சீக்வென்சிங் மட்டும் செய்திருந்தால், மரபணுவின் ஒரு பெரும் துண்டே இல்லாமல் போன பிழை கண்ணில் படாமல் தப்பலாம். நல்ல பிரதியை மட்டும் படித்துவிட்டு "சரி" என்று சொல்லிவிடும். விஎச்எல் குடும்பங்களில் அத்தகைய பெருநீக்கங்கள் கணிசம். நீக்கத்தைக் கண்டறியும் எம்எல்பிஏ போன்ற சோதனையும் சேர்ந்திருக்க வேண்டும்.

இன்னொரு ஓட்டை மொசைக் நிலை. விஎச்எல் நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பெற்றோரிடம் நோய் கிடையாது. பிழை அவரிடமே புதிதாகத் தோன்றியது. அது கரு வளரும்போது தோன்றியிருந்தால் சில செல்களில் மட்டும் இருக்கும், ரத்தத்தில் அகப்படாமலும் போகலாம். அடையாளங்கள் வலுவாக இருந்து சோதனை நெகட்டிவ் என்றால் கண்காணிப்பை விடக்கூடாது.

13. தம்பிக்கு விஎச்எல் நோய். கிட்னில கட்டி இருந்தும் டாக்டர் "பார்த்துக்கலாம்"னு விடுறாரே, சரியா?

பெரும்பாலும் சரி. விஎச்எல் நோயாளியின் ஒரு சிறுநீரகத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்கட்டிகள் 600 வரையும் நீர்க்கட்டிகள் 1,100 வரையும் இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. தெரிகிற ஒவ்வொன்றையும் வெட்டிக்கொண்டே போனால் சில வருடங்களில் சிறுநீரகமே மிஞ்சாது, டயாலிசிஸ்தான். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தார் கவனித்த விஎச்எல் நோயாளிகளில், 3 செ.மீ.க்குக் குறைவான கட்டி கொண்ட 108 பேரில் யாருக்கும் நோய் பரவவில்லை. ஆகவே மிகப் பெரிய திடக்கட்டி 3 செ.மீ. தொடும்வரை பார்த்திருந்து, பிறகு கட்டிகளை மட்டும் எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பார்கள். இந்த 3 செ.மீ. விதி எல்லாப் பரம்பரை வகைக்கும் அல்ல; 15ஆம் பதிலைப் பாருங்கள்.

கண்காணிப்பு ஒழுங்காக நடக்க வேண்டும்: கண் பரிசோதனை கைக்குழந்தைப் பருவத்திலிருந்து வருடந்தோறும், ரத்த அழுத்தமும், அட்ரீனல் கட்டியைக் காட்டும் மெட்டாநெஃப்ரின் சோதனையும் சிறுவயதிலிருந்து, மூளை, முதுகுத்தண்டு எம்ஆர்ஐ 11 வயதையொட்டித் தொடங்கி, வயிற்று எம்ஆர்ஐ 15 வயதையொட்டித் தொடங்கி, இரண்டாண்டுக்கு ஒருமுறை. கதிர்வீச்சு வாழ்நாள் முழுக்கச் சேரும் என்பதால் சிடியைவிட எம்ஆர்ஐ நல்லது. எந்த அறுவைக்கு முன்னும், பிரசவத்துக்கு முன்னும், அட்ரீனல் கட்டி இல்லை என்று உறுதிசெய்யச் சொல்லுங்கள். தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு எகிறலாம்.

14. ஒரே ஜீன்தானே, ஏன் சில குடும்பத்துல கிட்னி கட்டியே வர்றதில்ல?

பிழை எங்கே, எவ்வளவு என்பதைப் பொறுத்தது. புரதத்தையே இல்லாமல் செய்யும் பிழைகளில் சிறுநீரகப் புற்றுநோய் அதிகம், அட்ரீனல் கட்டி குறைவு. ஒரு அமினோ அமிலம் மட்டும் மாறும் பிழைகளில் அட்ரீனல் கட்டி அதிகம். சிலவற்றில் அது மட்டுமே வரும், ஏனென்றால் அந்தப் புரதம் ஹிஃபை இன்னும் அழித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இதற்கு வலுவான சான்று ரஷ்யாவில் வோல்கா ஆற்றங்கரையிலுள்ள சுவாஷியா. அங்கே 200ஆம் இடத்து ஆர்ஜினின் டிரிப்டோஃபானாக மாறிய விஎச்எல் பிரதி இரண்டையும் பெற்றுப் பிறப்பவர்களுக்குச் சிவப்பணு மிகுதியும், ரத்த உறைவும், நுரையீரல் ரத்த அழுத்தமும் வருகின்றன. விஎச்எல் கட்டிகள் வருவதில்லை. இத்தாலியின் இஸ்கியா தீவிலும் இதே பிழை உண்டு. ஹிஃப் மிதமாக உயர்ந்தால் ரத்தம் மாறுகிறது. கட்டுப்பாடே இல்லாமல் உயர்ந்து, 9ஆம் பதிலில் சொன்ன மற்ற இழப்புகளும் சேர்ந்தால் சிறுநீரகம் புற்றாகிறது.

15. விஎச்எல் நல்லா இருந்தும் ஹிஃப் ஏறுமா?

ஏறும். கூட்டில் இன்னொரு உறுப்பான எலோங்கின் சி பழுதானால் விஎச்எல் இருந்தும் இல்லாத கதைதான். கிளியர் செல் கட்டிகளில் ஒரு சிறு பகுதி இப்படி. இன்னொரு வழி வளர்சிதை மாற்றம். ஃபியூமரேட் ஹைட்ராட்டேஸ் அல்லது சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் நொதி பழுதானால் ஃபியூமரேட், சக்சினேட் தேங்கி, பிஎச்டி நொதிகளில் 2-ஆக்சோகுளூட்டரேட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஹைட்ராக்சில் ஏறாது, ஹிஃப் அழியாமல் தேங்கும். இங்கே 4ஆம் பதிலின் முதல் படியே முறிகிறது.

ஃபியூமரேட் ஹைட்ராட்டேஸ் வகையில் தோலில் வலிக்கும் சிறு கட்டிகளும், இளவயதிலேயே கருப்பையில் நார்க்கட்டிகளும் குடும்பத்தில் இருக்கும். இந்தச் சிறுநீரகக் கட்டி சிறியதாக இருக்கும்போதே பரவக்கூடியது. 3 செ.மீ. வரை காத்திருப்பது இங்கே பெருந்தவறு. கண்டதும் அகலமாக எடுக்க வேண்டும்.

16. மருந்துகள் இந்த வழியில எங்க வேலை செய்யுது?

சுனிடினிப், பசோபனிப், ஆக்சிடினிப், காபோசான்டினிப் ஆகியவை விஇஜிஎஃபின் ஏற்பியை (அது வந்து ஒட்டும் புரதத்தை) அடைக்கின்றன. ஹிஃப் அனுப்பும் கட்டளை ரத்தநாளத்தில் போய்ச் சேராமல் தடுப்பவை இவை. ரத்த அழுத்தம் ஏறுவது, உள்ளங்கை உள்ளங்கால் எரிந்து தோல் உரிவது, வயிற்றுப்போக்கு, தைராய்டு குறைவது ஆகியவற்றுக்குத் தயாராக இருக்க வேண்டும்; முதல் வாரத்திலிருந்தே வீட்டில் பிபி குறித்து வையுங்கள். நிவோலுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகள் வேறு வழி. இன்று பரவிய நோய்க்கு இரண்டையும் சேர்த்தே பெரும்பாலும் தொடங்குகிறார்கள்.

பெல்சுடிஃபான் நேராக ஹிஃப்-2 ஆல்பாவுக்குள் இருக்கும் ஒரு சிறு குழியில் போய் அமர்ந்து, அது ஹிஃப் பீட்டாவோடு இணைவதைக் கெடுக்கிறது. நாளுக்கு 120 மி.கி. மாத்திரை. அமெரிக்காவில் 2021 ஆகஸ்டில் விஎச்எல் நோய்க்கும், 2023 டிசம்பரில் மற்ற மருந்துகளுக்குப் பிறகும் முற்றிய நோய்க்கும் அனுமதி கிடைத்தது. விஎச்எல் நோயாளிகள் 61 பேரிடம் நடந்த ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேரின் சிறுநீரகக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. பல மருந்துகளைத் தாண்டி வந்த முற்றிய நோயில் அப்படிச் சுருங்கியது சுமார் 22 விழுக்காட்டினருக்கு. ஒப்பிட்டுப் பார்த்த எவரோலிமஸ் என்ற மருந்தில் சுமார் 4 விழுக்காட்டினருக்கு.

17. பெல்சுடிஃபான் எடுத்தா மூச்சு வாங்குது, ரத்தம் குறையுதுன்னு சொல்றாங்க. ஏன்?

எரித்ரோபொய்ட்டினை இயக்குவதும் ஹிஃப்-2தான். கட்டியில் அடைக்கும்போது உடம்பிலும் அடைபடுகிறது. ரத்தசோகை கிட்டத்தட்ட எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. ஆக்சிஜன் குறைவுக்கு உடம்பு காட்டும் எதிர்வினையும் மழுங்குவதால் சிலருக்கு ரத்த ஆக்சிஜனே இறங்கும். வீட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்து, உட்கார்ந்திருக்கும்போதும் கொஞ்சம் நடந்தபின்னும் பாருங்கள். ஓய்வில் 88க்குக் கீழே போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கருவுக்குத் தீங்கு செய்யும் மருந்து இது. ஹார்மோன் கருத்தடை மாத்திரையின் வலுவையும் குறைப்பதால் ஆணுறை போன்ற வேறு முறையைக் கையாள வேண்டும்.

சிலருக்குச் சில காலம் கழித்து மருந்து கேட்காமல் போகிறது. மருந்து அமரும் குழியிலேயே ஒரு அமினோ அமிலம் மாறி இடம் அடைபடுவது தெரிந்த வழிகளில் ஒன்று. ஹிஃப்-2ஐ நம்பாமலே வளரும் கட்டிகளும் உண்டு. அவை முதலிலிருந்தே அசைவதில்லை.

18. போன ஜீனைத் திருப்பிப் போட்டா முடிஞ்சுதே?

ஆய்வகத்தில் முடிகிறது, 8ஆம் பதிலில் சொன்ன சோதனை அதுதான். அதே செல்கள் கண்ணாடித் தட்டில் விஎச்எல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி வளரும், எலியின் உடம்பில்தான் வேறுபாடு தெரியும். மனிதரிடம் தடை எண்ணிக்கை: ஒரு செ.மீ. கட்டியில் கோடிக்கணக்கான செல்கள், ஒவ்வொன்றுக்கும் மரபணு போய்ச் சேர வேண்டும். தப்பியவை மறுபடி வளரும். அதனால்தான் மரபணுவைத் திருப்பித் தருவதைவிட, அது இல்லாததால் அவிழ்ந்துவிட்ட ஹிஃப்-2ஐக் கட்டுவது நடைமுறைக்கு வந்தது.

19. கிட்னி ஃபெயிலியருக்கு ரத்தம் ஏற டெசிடுஸ்டாட் மாத்திரை கொடுத்திருக்காங்க. அது ஹிஃபை ஏத்தும்னு படிச்சேன். புற்றுநோய் வருமா?

கூர்மையான கேள்வி. டெசிடுஸ்டாட் (இந்தியாவில் 2022இல் அனுமதி), ராக்சாடுஸ்டாட், டாப்ரோடுஸ்டாட் எல்லாமே பிஎச்டி நொதியை அடைத்து ஹிஃபைத் தேக்கி எரித்ரோபொய்ட்டினைச் சுரக்கவைப்பவை. வேறுபாடு அளவிலும் நேரத்திலும்: மாத்திரையின் விளைவு சில மணி நேரத்தில் தணியும், விஎச்எல் நல்ல நிலையில் இருப்பதால் தேங்கிய ஹிஃப் மறுபடி அழிக்கப்படும். ஹிஃப் ஏறுவது மட்டும் புற்றுநோய்க்குப் போதாது என்பதற்கு 9, 14ஆம் பதில்களே சான்று.

ஆனாலும் ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவருக்கு இவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். டாப்ரோடுஸ்டாட்டுக்கு 2023இல் வந்த அமெரிக்கக் குறிப்பேட்டில் அந்த எச்சரிக்கை இருந்தது. சிறுநீரகப் புற்றுநோய் வந்து குணமானவர், விஎச்எல் குடும்பத்தவர், சிறுநீரகத்தில் சந்தேகத்துக்குரிய கட்டி உள்ளவர் ஆகியோர் மாத்திரையைத் தொடங்கும் முன் நெஃப்ராலஜிஸ்டிடம் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் பிரிவு மருத்துவருக்கு உங்கள் பழைய புற்றுநோய்க் கோப்பு தெரிந்திருக்கும் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள்.

20. கட்டியோட ஜீன் ரிப்போர்ட்ல விஎச்எல், பிபிஆர்எம்1, பேப்1னு இருக்கு. எதைப் பார்த்துப் பயப்படணும்?

விஎச்எல் பழுது இருப்பது கிளியர் செல் என்பதை உறுதிசெய்கிறது, அதற்கு மேல் பெரிதாகச் சொல்வதில்லை. அது தொடக்கத்திலேயே விழுந்த அடி என்பதால் சாதுவான கட்டியிலும் மோசமான கட்டியிலும் ஒன்றுபோலவே இருக்கும். பேப்1 இழப்பு கட்டி வேகமானது என்பதைக் குறிக்கும்; பிபிஆர்எம்1 மட்டும் பழுதாகியிருந்தால் போக்கு அதைவிட மெதுவாக இருப்பது வழக்கம். இரண்டும் ஒரே கட்டியில் சேர்ந்து வருவது அரிது. 9ஆம் குரோமோசோமின் குட்டைக் கரம் தொலைந்திருந்தால் பரவும் வாய்ப்பு அதிகம்.

இதைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. 2012இல் ஒரே சிறுநீரகக் கட்டியின் பல இடங்களிலிருந்து துண்டெடுத்துப் பார்த்தபோது, விஎச்எல் பிழை எல்லாத் துண்டிலும் இருந்தது. பிற்பாடு வந்த பிழைகளோ ஒரு மூலையில் இருந்து இன்னொரு மூலையில் இல்லாமல் இருந்தன. ஊசியில் எடுத்த ஒரு துண்டில் "பேப்1 இல்லை" என்றால், அந்தத் துண்டில் இல்லை என்று மட்டுமே பொருள். அறுவையில் கட்டி முழுதாகக் கிடைத்திருந்தால், எத்தனை இடத்திலிருந்து எடுத்துச் சோதித்தார்கள் என்று நோயியல் நிபுணரிடம் கேளுங்கள். கட்டியின் நிலை, தரம், நோயாளியின் ஹீமோகுளோபின், கால்சியம், உடல்வலு ஆகியவற்றை வைத்தே இன்றைக்கும் சிகிச்சை முடிவாகிறது. மரபணு ரிப்போர்ட் அவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு தாள்.